மணல் சோதனைக் கருவிப் பெட்டி: டெல்டா பவுண்டரிக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

பிரேக் டிரம்முக்குள் ஒளிந்திருக்கும் புளோ ஹோல் (வாயு அடைபட்டு விழுந்த ஓட்டை) பெரும்பாலும் லேத்தில் இரண்டாவது கட் ஓடும்போதுதான் முகம் காட்டும். அதற்குள் உருக்கிய கரண்ட், மோல்டு (மணல் அச்சு) போட்ட கூலி, தட்டித் தேய்த்த கூலி, கடைந்த கூலி எல்லாம் அந்த ஒரு டிரம்மின் தலையில் ஏறியிருக்கும். உடனே பழி உலைக்குப் போகும். உலை தப்பித்தால் ஸ்கிராப் வாங்கி வந்தவர் மாட்டிக்கொள்வார். மணலை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. கிரீன் சாண்ட் (களிமண்ணும் தண்ணீரும் கலந்த ஈர மணல்) வார்ப்பில் ஒரு கிலோ இரும்புக்கு ஐந்தாறு கிலோ மணல் சுற்றி நின்று வேலை செய்கிறது. அத்தனை எடையுள்ள சரக்கை ஒரு கை அள்ளி, கொழுக்கட்டை பிடித்து, நடுவில் உடைத்துப் பார்த்து, “பதம் சரியா இருக்கு” என்று முடித்துவிடுகிறோம்.

கை அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. பழகிய மோல்டரின் கை, ஈரம் அரை சதவீதம் கூடினால் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஈரம் ஏன் கூடியது, களிமண் வெந்து ஒட்டும் குணம் செத்துவிட்டதா, தூசு பெருகிவிட்டதா என்பதைக் கை சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கோயம்புத்தூர் பக்கமிருந்து வாங்கி வரும் மணல் சோதனைக் கருவிப் பெட்டி. திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை, டிராக்டர் ஹப், லாரி பிரேக் டிரம், பவர் டில்லர் புல்லி, நெல் அறுக்கும் இயந்திரத்தின் பாகங்கள் என்று மாதம் சில டன் மட்டும் ஊற்றும் சிறு பவுண்டரியை மனதில் வைத்து இந்த மதிப்பீடு எழுதப்படுகிறது. எந்தக் கம்பெனி முத்திரை என்பது இங்கே பெரிய விஷயமில்லை. சோதனை முறைகள் ஐஎஸ் 1918 போன்ற இந்தியத் தரநிலைகளில் வரையறுக்கப்பட்டவை என்பதால் எல்லோர் பெட்டியிலும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தச் சாமான்கள் ஏழு: சாண்ட் ரேம்மர், ஈரம் பார்க்கும் கார்பைடு குடுவை, காற்றுப்போக்கு மீட்டர், ஸ்டிரெங்த் மெஷின், களிமண் அலசும் கருவி, சல்லடை அடுக்கும் அதை ஆட்டும் மோட்டாரும், மோல்டு ஹார்ட்னஸ் மீட்டர். ஏழையும் ஒரே பில்லில் வாங்கச் சொல்வார்கள். வாங்க வேண்டாம். ரேம்மர், கார்பைடு குடுவை, ஹார்ட்னஸ் மீட்டர் மூன்றும் முதல் மாதமே வேண்டும். நான்காவதாக வாங்க வேண்டியது பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்காது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரேம்மர்: பெட்டியின் உயிர்

ரேம்மரின் வேலை ஒன்றுதான். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் போட்ட மணலை, ஆறரைக் கிலோ சுமாரான எடையை 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை விட்டு இடித்து, 50 மில்லிமீட்டர் உயரமுள்ள உருளையாக்குவது. இந்த உருளையை வைத்துத்தான் காற்றுப்போக்கும் பலமும் அளக்கப்படுகின்றன. இங்கே பிழை நுழைந்தால் மற்ற மீட்டர்கள் எல்லாம் அந்தப் பிழையைத்தான் அளக்கும்.

பிழை நுழையும் முதல் வாசல், ரேம்மரை வைக்கும் இடம். ஆபீஸ் மேசையில் வைத்தால் ஒவ்வொரு அடியிலும் பலகை கொஞ்சம் அமுங்கி எழும். அடியில் பாதியை மேசை தின்றுவிடும். உருளை மெத்தென்று வரும், பலம் குறைவாகக் காட்டும். அதை நம்பி பெண்டோனைட் என்னும் ஒட்டுக் களிமண்ணைக் கூட்டுவோம், மணல் களியாகும். தரையிலிருந்து எழுப்பிய கான்கிரீட் திண்டில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியே வைக்க வேண்டும். இரண்டாவது வாசல் கேம் (எடையைத் தூக்கி விடும் சக்கரம்) தேய்மானம். ஆண்டுக்கு இரண்டு தடவை, எடை விழும் உயரத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும். 50 என்பது 48 ஆகியிருந்தால் கேமை மாற்றிவிடுங்கள். மூன்றாவது, குழாயின் உட்சுவர். மணல் உரசி உரசி அகலமாகும்; உருளையை வெளியே தள்ளும்போது சுவரில் கோடு விழுந்திருந்தால் குழாயின் காலம் முடிந்தது. வாங்கும்போதே ஒரு குழாய் உபரியாகக் கேளுங்கள்.

உருளைக்கு எத்தனை கிராம் மணல் என்பதற்கு நிலையான எண் கிடையாது. பொதுவாக 145 முதல் 175 கிராம் வரை பிடிக்கும். மூன்றாவது அடி முடிந்ததும் தண்டின் கோடு இரண்டு எல்லைக் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்று நான்காவது அடி போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது சோதனையே இல்லை. எடையைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து இடியுங்கள்.

காம்பாக்டபிலிட்டி: இரண்டு நிமிட வேலை

பெட்டியில் தனிக் கருவியாக வராமல், ரேம்மரின் தண்டில் பொறித்த சதவீத அளவாக மட்டுமே இருப்பதால் இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஏழு சாமானும் சேர்ந்து தரும் பயனில் பாதி இந்த ஒரு அளவில் இருக்கிறது என்பது நம் கணிப்பு.

ஆறு மில்லிமீட்டர் கண் சல்லடை வழியாக, புனல் வைத்து, 120 மில்லிமீட்டர் நீளக் குழாயில் மணலைத் தளர்வாக விழவிட வேண்டும். தட்டக் கூடாது, அமுக்கக் கூடாது. மேலே குவிந்ததைத் தகடு வைத்து வழித்துவிட்டு மூன்று அடி. மணல் எவ்வளவு தணிந்தது என்பதே காம்பாக்டபிலிட்டி. 120 மில்லிமீட்டர் 70 ஆகியிருந்தால் ஏறக்குறைய 42 சதவீதம். மணலைக் குலுக்கி அமுக்கும் ஜோல்ட் ஸ்குவீஸ் மெஷினிலோ கையாலோ மோல்டு போடும் இடத்தில் 40 முதல் 45 வரை இருந்தால் பிரேக் டிரம்முக்கு ஒத்துவரும். 35-க்குக் கீழே போனால் மோல்டின் ஓரம் உதிரும், உதிர்ந்த மணல் இரும்போடு போய் டிரம்மின் உட்புறத்தில் சிக்கும். 50-க்கு மேலே போனால் மணல், அச்சு எடுக்கும் மாதிரியான பேட்டர்னைப் பிடித்துக்கொள்ளும், ஆவி கூடும், மோல்டு சுவரும் இரும்பின் பாரத்தில் பின்வாங்கும்.

இதை ஒரே இடத்தில் அளந்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும். மணல் கலக்கும் மெஷினான மல்லரிலிருந்து கொட்டும்போது ஒன்று, அதே மணல் மோல்டரின் அச்சுப் பெட்டிக்குள் போகும்போது ஒன்று என்று இரண்டு அளவு எடுங்கள். இடைவெளி மூன்று, நான்கு புள்ளியைத் தாண்டினால் மணல் சூடாகத் திரும்பி வருகிறது என்று பொருள். 50 டிகிரிக்கு மேல் சூடான மணலில் நாம் ஊற்றிய தண்ணீர் களிமண்ணுக்குள் ஊறுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. மல்லர்காரர் சரியாகத்தான் கலந்திருப்பார்; வழியில் காய்ந்துவிடும். அவரைத் திட்டிப் பயனில்லை. மணலை மெல்லிய அடுக்காகப் பரப்பி ஆறவிட இடம் வேண்டும், அல்லது புழங்கும் மணலின் மொத்த அளவைக் கூட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சிக்கல் முற்றும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பரப்பிய மணல் சீக்கிரம் ஆறாது. மார்கழி விடியலில் தலைகீழ்: அலுமினியப் பேட்டர்ன் சில்லென்று கிடக்கும், அதன்மேல் வெதுவெதுப்பான மணல் விழும், இடையே பனித்துளிபோல் நீர் கோக்கும், மணல் பேட்டர்னில் ஒட்டும். முதல் பத்து மோல்டு வீணாவதற்குக் காரணம், மணல் ஒட்டாமலிருக்கத் தூவும் பார்ட்டிங் பவுடரின் தரம் என்று சப்ளையரோடு சண்டை நடக்கும். பேட்டர்னைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுத் தொடங்கினால் சண்டை தேவையில்லை. சம்பா அறுவடைக்கு இயந்திர உதிரிபாக ஆர்டர் குவிவதும் இதே மாதத்தில்தான் என்பது டெல்டாவின் தலையெழுத்து.

ஈரம் பார்க்கும் குடுவை

கால்சியம் கார்பைடும் ஈர மணலும் கலந்தால் அசிட்டிலின் வாயு வரும். வாயுவின் அழுத்தத்தை முள் காட்டும். ஐந்து நிமிட வேலை. மாதிரி எடையைக் குடுவையின் மேல் எழுதியிருப்பார்கள், அதை 0.1 கிராம் வரை சரியாக நிறுக்க வேண்டும், தராசு பெட்டியோடு வருகிறதா என்று கேளுங்கள். மணல் மாதிரி ஆறியிருக்க வேண்டும். கார்பைடும் மணலும் குடுவை மூடும்வரை ஒன்றோடொன்று தொடக் கூடாது. குடுவையைத் திறக்கும்போது முகத்துக்கு எதிரே பிடிக்காமல், உலை, லேடில் (உருகிய இரும்பு அள்ளும் கரண்டி), பீடி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் திறக்க வேண்டும். வரும் வாயு தீப்பிடிக்கும்.

இந்தக் கருவியின் குறை அதன் மருந்திலேயே இருக்கிறது. மூடி சரியாக மூடாத டின்னில் கார்பைடு காற்றின் ஈரத்தைக் குடித்துச் சுண்ணாம்புத் தூளாகும். வீரியம் போன மருந்து ஈரத்தைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி மல்லரில் தண்ணீர் கூடுதலாக விழும். வாரம் ஒருமுறை 50 கிராம் மணலை 105 முதல் 110 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் காயவைத்து, எடைக் குறைவைக் குடுவை சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். 0.2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் டின்னை ஒதுக்கிவிடுங்கள்.

எண் கையில் கிடைத்ததும் கணக்கு எளிது. 250 கிலோ மல்லர் தொகுதியில் ஈரம் 2.4 சதவீதம், வேண்டியது 3.4 என்றால் சேர்க்க வேண்டிய தண்ணீர் இரண்டரை லிட்டர். குத்துமதிப்பாக வாளியால் ஊற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஒரு கிராம் தண்ணீர் 1300 டிகிரியில் ஆவியானால் ஏறக்குறைய ஏழு லிட்டர் இடம் கேட்கும். எண்பது கிலோ மணல் உள்ள மோல்டில் ஒரு சதவீதம் ஈரம் கூடினால் 800 கிராம் தண்ணீர் உபரி. அத்தனையும் ஒரே நேரத்தில் ஆவியாகாது, இரும்பை ஒட்டிய தோல்தான் முதலில் கொதிக்கும். ஆனாலும் அந்த ஆவி மணல் வழியாக வெளியேற முடியாவிட்டால் இரும்புக்குள்தான் புகும்.

ஈரத்தையும் காம்பாக்டபிலிட்டியையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். சித்திரையில் 42 காம்பாக்டபிலிட்டி வர 3.2 சதவீதம் ஈரம் போதுமாக இருந்து, ஆடியில் அதே 42-க்கு 4 சதவீதம் தேவைப்பட்டால், மணலில் செத்த களிமண்ணும் நிலக்கரிச் சாம்பலும் நுண்தூசும் பெருகிவிட்டன. இவை தண்ணீரைக் குடிக்கும், ஒட்டும் வேலையைச் செய்யாது. பெண்டோனைட் கூட்டினால் இது தீராது. பழைய மணலில் ஒரு பங்கை வெளியே கொட்டிப் புது மணல் சேர்த்தால்தான் தீரும். வேறு எந்தக் கருவியும் இல்லாமல் இந்த நோயை இரண்டு எண்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

மாதிரி எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மணலுக்குச் செல்லாது. மல்லரின் ஓரத்தில் கிடப்பது வேறு, நடுவில் கிடப்பது வேறு. கொட்டும்போது தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று கை எடுத்துக் கலந்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, உடனே சோதியுங்கள். டீ குடித்துவிட்டு வந்து சோதித்தால் டீக்கடைக்குப் போன நேரத்தில் காய்ந்த மணலின் அளவுதான் கிடைக்கும்.

மல்லரில் சரக்கு போடும் வரிசையும் எண்ணை மாற்றும். திரும்பி வந்த மணலைப் போட்டு, தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கை முதலில் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகு பெண்டோனைட்டும் நிலக்கரித் தூளும் போட்டு நான்கு நிமிடம் அரைத்து, கடைசியில் மிச்சத் தண்ணீரால் பதத்தைப் பிடிக்க வேண்டும். காய்ந்த மணலில் பெண்டோனைட்டைக் கொட்டினால் பாதி புகையாய்ப் பறக்கும், மீதி உருண்டையாய் நிற்கும். நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு நிமிடத்தில் கொட்டிவிட்டால், போட்ட பெண்டோனைட்டில் ஒரு பகுதி வேலைக்கே வராமல் போகும்.

காற்றுப்போக்கு மீட்டரும் வண்டல் மண்ணும்

2000 கன சென்டிமீட்டர் காற்று, உருளை வழியாகப் போக எத்தனை நேரம் எடுக்கிறது என்பதே இந்தச் சோதனை. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம் என்ற நிலையில், 3007-ஐ வினாடிகளால் வகுத்தால் காற்றுப்போக்கு எண் வரும். 30 வினாடி எடுத்தால் 100, ஒரு நிமிடம் எடுத்தால் 50. தினசரி வேலைக்கு நேரத்தை எண்ணத் தேவையில்லை, சிறுதுளை போட்டு அழுத்தத்தைப் படித்தாலே முள் எண்ணைக் காட்டும். 50-க்குக் கீழான மணலுக்கு 0.5 மில்லிமீட்டர் துளை, அதற்கு மேல் 1.5 மில்லிமீட்டர் துளை. பிரேக் டிரம் போன்ற நடுத்தர இரும்பு வார்ப்புக்கு 80 முதல் 120 வரை இருப்பது நல்லது.

தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் மணி உள்ள பழைய வகை, மோட்டார் ஊதும் மின்சார வகை என இரண்டு உண்டு. கரண்ட் ஏறி இறங்கும் இடத்தில் பழைய வகையே நம்பகமானது. மின்சார வகையில் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மாதிரியை வைக்க வேண்டும். பழைய வகையில் கவனிக்க வேண்டியது கசிவு. குழாய் இருக்கும் இடத்தில் அடைப்பானை வைத்துவிட்டு வால்வைத் திறந்தால் மணி அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ரப்பர் வளையம் போய்விட்டது. கசியும் மீட்டர் காற்றுப்போக்கை அதிகமாகக் காட்டி நம்மைத் தூங்கவைக்கும். தொட்டித் தண்ணீரையும் மாற்றுங்கள், கொசுப்புழு வளர்க்கும் இடம் அதுவல்ல.

காவிரிக் கரையில் வார்ப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வண்டல் மண். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் பூசும் முதல் பூச்சு அது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பதும் அந்த மண்ணில்தான். மாவுபோன்ற நைஸ் துகள், இயற்கையாகவே ஒட்டும் களிமண், தண்ணீர் தவிர எதுவும் சேர்க்கத் தேவையில்லாத குணம் எல்லாம் அந்த வேலைக்கு வரம். அதைப் பார்த்து, டிரம்மின் மேல்தோல் வழவழப்பாக வரட்டும் என்று இரும்பு மோல்டில், இரும்பைத் தொடும் முகமணலில் வண்டலைக் கலக்கும் ஆசை வருவது இயல்பு. கலக்காதீர்கள். பித்தளை ஆயிரம் டிகிரி சுமாரில் ஊற்றப்படுவது. இரும்பு 1350 முதல் 1420 வரை. அந்தச் சூட்டில் வண்டலில் உள்ள அபிரகம், பெல்ட்ஸ்பார் போன்றவை உருகிச் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். தேய்க்கும் கல்தான் தேயும். நுண்துகள் மணல் இடுக்குகளை அடைத்துக் காற்றுப்போக்கையும் சரித்துவிடும். வண்டலுக்கு ஏற்ற வேலை மோட்டார் வாகனத்திலும் உண்டு: பித்தளைப் புஷ், 700 முதல் 750 டிகிரியில் ஊற்றும் சிறு அலுமினிய மூடிகள். ஈரத்தை மட்டும் அடக்கி வைத்தால் அங்கே அது அழகாக வேலை செய்யும்.

ஸ்டிரெங்த் மெஷின்: அடுத்த ஆண்டு பார்க்கலாம்

பெட்டியிலேயே கனமான, கண்ணைப் பறிக்கும் சாமான் இது. விருந்தாளிக்குக் காட்ட நன்றாக இருக்கும். உருளையை நசுக்கி, எத்தனை பாரத்தில் உடைந்தது என்று சொல்லும். ஜோல்ட் ஸ்குவீஸ் மோல்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.6 கிலோ வரை பச்சை பலம் (காயாத மணலின் பலம்) போதும். ஒரு மாதிரியில் மூன்று உருளை உடைத்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒன்று மற்றவற்றிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அதை விட்டு வேறொன்று.

கருவி மோசமில்லை. ஆனால் சிறு பவுண்டரியில் இது தவறான பாடம் கற்பிக்கிறது. பலம் குறைந்ததா, பெண்டோனைட் போடு. இன்னும் குறைந்ததா, இன்னும் போடு. பலம் ஏறும், கூடவே ஈரமும் ஏறும், மோல்டு உடைக்கும்போது கட்டி கட்டியாக வரும், அந்தக் கட்டி அடுத்த தொகுதிக்குள் போகும். இன்னொரு குறை: மோல்டின் தோல் பெயர்ந்து வரும் ஸ்கேப் குற்றத்தோடு நெருங்கிய உறவு உள்ளது ஈர இழுவிசை பலம். இரும்பின் சூட்டில் மோல்டின் மேற்பரப்பு ஈரம் உள்ளே தள்ளப்பட்டு, சில மில்லிமீட்டர் ஆழத்தில் தேங்கி, அந்த அடுக்கு பலமிழந்து நிற்கும். 573 டிகிரியில் சிலிக்கா திடீரென்று விரியும்போது மேல்தோல் அந்தப் பலவீன அடுக்கிலிருந்து பிய்ந்துகொள்ளும். இதை அளக்கத் தனி மெஷின் வேண்டும், வழக்கமான பெட்டியில் அது கிடையாது. எது தேவையோ அதை அளக்காத மெஷினுக்கு முதல் ஆண்டே பணம் கொட்ட வேண்டியதில்லை.

பெட்டியில் இல்லாத நீல மருந்து

முன்பு சொன்ன நான்காவது சாமான் இதுதான்: மெத்திலின் புளூ சோதனைக்கான பியூரெட் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்), பீக்கர், மருந்து, வடிதாள். பெட்டியோடு வரும் களிமண் அலசும் கருவி 50 கிராம் மணலைக் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் கலக்கி, 20 மைக்ரானுக்குக் கீழானதையெல்லாம் அலசி எடுத்துவிட்டு “மொத்தக் களிமண் 12 சதவீதம்” என்று சொல்லும். அதில் உயிருள்ள பெண்டோனைட் எவ்வளவு, வெந்து செத்தது எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நீல மருந்து உயிருள்ளதை மட்டும் பிடித்துச் சொல்லும்.

காய்ந்த மணல் 5 கிராம். டெட்ரா சோடியம் பைரோபாஸ்பேட் 2 சதவீதக் கரைசல் 50 மில்லி. பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். லிட்டருக்கு 3.74 கிராம் வீதம் கரைத்த மெத்திலின் புளூவைப் பியூரெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி, கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு வடிதாளில் வையுங்கள். கரும்புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் படரும்வரை மருந்து சேர வேண்டும். வளையம் தெரிந்ததும் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் கலக்கி இன்னொரு சொட்டு வையுங்கள். வளையம் நின்றால்தான் முடிவு, மறைந்தால் இன்னும் ஒரு மில்லி.

எண்ணைச் சதவீதமாக்க, அட்டவணையைத் தேட வேண்டாம். நீங்கள் வாங்கும் அதே பெண்டோனைட்டில் 0.4 கிராம், கழுவிய சுத்தமான மணல் 4.6 கிராம் கலந்து இதே சோதனையைச் செய்யுங்கள். அது 32 மில்லி குடித்தால், 8 சதவீதம் என்பது 32 மில்லி, ஒரு மில்லிக்குக் கால் சதவீதம். புழங்கும் மணல் 27 மில்லி குடித்தால் உயிருள்ள களிமண் 6.75. வேண்டியது 7.5 என்றால் 250 கிலோ தொகுதிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக பெண்டோனைட். பெண்டோனைட் லோடு மாறும்போதெல்லாம் இந்த ஒப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கூடவே ஒரு நூறு மில்லி அளவுக் குடுவை இருந்தால் டெல்டாவின் கடைமடைப் பக்கத்தாருக்கு இன்னொரு சோதனையும் சும்மா கிடைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு உண்டு. உப்பும் கடினத் தன்மையும் சோடியம் பெண்டோனைட்டை உப்பவிடாமல் அமுக்கும். இரண்டு கிராம் பெண்டோனைட்டைச் சிட்டிகை சிட்டிகையாகக் காய்ச்சி வடித்த நீரில் தூவி 24 மணி நேரம் வையுங்கள், இன்னொரு குடுவையில் உங்கள் போர் தண்ணீரில் அதே போல. உயரம் கணிசமாக வேறுபட்டால், பெண்டோனைட் சப்ளையரை மாற்றுவதற்கு முன் மல்லருக்கு ஊற்றும் தண்ணீரை மாற்றுங்கள். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து மல்லருக்கு மட்டும் வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் செய்யக்கூடிய காரியம்.

சல்லடை அடுக்கு மாதம் ஒருமுறை போதும், புது மணல் லோடு வரும்போது கட்டாயம். ஒவ்வொரு சல்லடையிலும் நின்ற சதவீதத்தை அதற்கு முந்தைய சல்லடை எண்ணால் (40-க்கு முந்தையது 30) பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால், மணல் எவ்வளவு நைஸ் என்று காட்டும் நைஸ் எண் வரும். 40-ஆம் சல்லடையில் 15, 50-இல் 30, 70-இல் 35, 100-இல் 15, 140-இல் 4, 200-இல் 1 என்று நின்றால் எண் 50. டிரம்முக்கு 50 முதல் 60 வரை சரி. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பருமணலும் மாவுமாகக் கலந்தாலும் சராசரி 50 வந்துவிடும், அது வேறு மணல். மூன்று நான்கு சல்லடைகளில் பரவி நிற்கிறதா என்பதே முக்கியம்.

ஹார்ட்னஸ் மீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். மோல்டின் தட்டையான முகத்தில் 85 காட்டும், டிரம்மின் ஆழமான செங்குத்துச் சுவரில் 65 காட்டும். குத்த வேண்டிய இடம் அந்தச் சுவர். மென்மையான சுவர் இரும்பின் பாரத்தில் ஒதுங்கும், டிரம் கனத்துப் போகும். மீட்டர் இல்லாதவர்கள் வார்த்த டிரம்மைத் தராசில் வைத்தாலே தெரியும்: ஒரே பேட்டர்னில் வந்த டிரம் வழக்கத்தைவிட மூன்று, நான்கு சதவீதம் எடை கூடினால் இரும்பை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாங்கும்போது

விலை விற்பவருக்கு விற்பவர் மாறுவதால் மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி மேற்கோள் கேளுங்கள். பிரித்துத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ரேம்மருக்குக் குழாய், காற்றுப்போக்கு மீட்டருக்கு இரண்டு துளைகளும் ரப்பர் வளையங்களும், குடுவை மூடியின் வாஷர் ஆகியவற்றை அதே பில்லில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அளவு சரிபார்த்த சான்றிதழ் கருவியின் எண்ணோடு வர வேண்டும், பொதுவான அச்சுத்தாள் செல்லாது. பார்சல் வந்ததும் ஏற்றி வந்தவர் நிற்கும்போதே மிதக்கும் மணியை வெளியே எடுத்துப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் தொட்டியில் உரசி நிற்கும், பிறகு சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

கார்பைடு தனிச் சரக்கு. தண்ணீர் பட்டால் எரிவாயு விடுவது என்பதால் மற்ற சாமானோடு சேர்த்துக் கட்டக் கூடாது, தரையில் வைக்காமல் உயரமான, மழைச்சாரல் படாத அலமாரியில் வைக்க வேண்டும். பெரிய டின்னாக எடுத்தால் கிலோ விலை மலிவு என்பார்கள். அரைக் கிலோ டின்களாகவே வாங்குங்கள். திறந்த பெரிய டின்னில் பாதி, ஐப்பசி முடிவதற்குள் சுண்ணாம்பாகிவிடும்.